நிலுவையில் ஒரு பூதம்

ஒரு ஆள் மூன்றடி நடந்து, இடுப்பில் தொங்கும் சீசாவை எடுத்து, மூடியைத் திருகி, கீழே கிடக்கும் பெண்ணின் வாயில் மருந்தை ஊற்ற வேண்டும். ஆறு விநாடி வேலை. விதிப்புத்தகமும் ஆறு விநாடி என்றுதான் சொல்கிறது. மேசை விளையாட்டுச் சங்கத்தின் நாலாவது மாடியில் இந்த ஆறு விநாடி மூன்று வாரம் நடந்தது. நடந்தது என்று சொல்வதுகூட அதிகம், நின்றது.

அந்த ஆள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருட சர்வீஸ். அந்தரத்தில் நின்றுபோன பெட்டிகளுக்குள்ளிருந்து எத்தனையோ பேரை வெளியே எடுத்து விட்டிருக்கிறார். அழுகிறவர்கள், திட்டுகிறவர்கள், ஒன்றுமே நடக்காதது போல வந்து கைக்குட்டையால் முகம் துடைக்கிறவர்கள் என்று எல்லா ரகமும் அவருக்குப் பழக்கம். மேசைமேல் பொம்மைகளை வைத்துக்கொண்டு சண்டை போடும் பெரியவர்களைத்தான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவரை அங்கே இழுத்து வந்தது மகள். இருபத்திரண்டு வயது. அவளுக்குப் பதினாலு வயதானதிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே நடந்த பேச்சை ஒரு தீப்பெட்டிமேல் எழுதிவிடலாம். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை, பேச விஷயம் கிடைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன் அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஆர்டர் வந்த அன்று சாயங்காலம் அவளே வந்து, சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைகிறது, வருகிறீர்களா என்று கேட்டாள். அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஆட்டம் எளிதானதுதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் போவார்கள். காட்டில் நடக்கலாம், பாலத்தில் தடுக்கி விழலாம், வழியில் பூதம் வரலாம். பூதம் வந்தால் எல்லோரும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் வந்தவர் முதலில் அடிப்பார், அடுத்த எண் வந்தவர் அடுத்து. பேங்கில் டோக்கன் வாங்கி உட்காருவதுபோல என்று மெக்கானிக் அன்றைக்கே புரிந்துகொண்டுவிட்டார். அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான். சங்கத்துக்குப் பிற்பாடு புரிந்தது அதைவிட மிக அதிகம்.

அவருக்கான பாத்திரத்தை மகளே எழுதிக் கொடுத்தாள். போர்வீரன். பலம் பதினெட்டு, வேகம் ஆறு. வேகம் ஏன் இவ்வளவு குறைச்சல் என்று கேட்டதற்கு, "உங்களப் பாத்துதான்ப்பா போட்டேன்" என்றாள். வாள் தந்தார்கள். அதை வைத்து நான் என்ன செய்ய, ஒரு ஸ்பேனர் கொடுங்கள் போதும் என்றார். சங்கப் பதிவேட்டில் அது "கதாயுத வகை, திருகும் வசதியுடன்" என்று ஏறியது. மகள் வைத்தியச்சி. அடிபட்டவர்களுக்கு மருந்து கொடுப்பது அவள் வேலை.

இதில் அவருக்குக் கிடைத்தது வேறு. ஒரு சனிக்கிழமை கதைக்குள் குகை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். போர்வீரனுக்கு எதைக் கண்டால் பயம் என்று வைத்தியச்சி கேட்டாள். முதல் வருஷம் வேலையில் தானே ஒரு லிஃப்டுக்குள் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டு அழுததை அவர் சொன்னார். வீட்டில் யாருக்கும் தெரியாத சங்கதி அது. வீட்டுக்கு நடக்கையில், வேலைக்கு நேர்முகத் தேர்வில் தன் கை நடுங்கியதை அவள் சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சனிக்கிழமைக்காகவே வாரத்தைத் தள்ளினார்கள்.

கதையை நடத்தியவர் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர். பூதம் பேசும்போது குரலைக் கட்டையாக்கிப் பேசுவார். அதற்கே பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மகள் ஊருக்குப் போக மூன்று வாரம் இருக்கும்போது பூதம் வந்தது. முதல் அடியிலேயே வைத்தியச்சி விழுந்தாள். அந்தச் சுற்று முடிவதற்குள் யாராவது மருந்து ஊற்றாவிட்டால் அவள் கதை முடிந்தது. சீசா இருந்தது போர்வீரனிடம். பூதமோ அவளை மிதிக்கக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பகடை உருண்டது. போர்வீரனுக்குப் பதினாலு, பூதத்துக்கும் பதினாலு.

"ரெண்டு பேருக்கும் சமமா வந்திருக்கு. விதிப்படி நாமளே பேசி முடிவு பண்ணிக்கலாம். யார் முதல்ல?" என்றார் டீச்சர்.

மெக்கானிக் யோசிக்கவே இல்லை. இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் வாசலில் நின்று, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, வருகிற எல்லோரிடமும் சொன்னது தன்னால் வாயில் வந்துவிட்டது.

"நீங்க முதல்ல போங்க" என்றார்.

மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். டீச்சர் சிரித்துவிட்டார். மெக்கானிக் மரியாதைக்குச் சொன்னது எல்லோருக்கும் தெரியும், நீங்களே போங்க சார் என்று சொல்ல டீச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் மேசைமேல் ஒரு கை விழுந்தது. சங்கச் செயலாளரின் கை. காப்பீட்டுக் கம்பெனியில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு ஏன் கிடைக்காது என்று விளக்குகிற பிரிவில் அவர் இருந்தார். திறமைசாலி என்று பேர்.

"யாரும் எதையும் தொடாதீங்க" என்றார். உள்ளே போய், கேக்கை மூடிவைக்கும் கண்ணாடி மூடி ஒன்றைக் கொண்டுவந்து பொம்மைகள்மேல் கவிழ்த்தார். அதன்மேல் ஒரு அட்டை: "விளக்கம் நிலுவையில்."

அப்போதுதான் மெக்கானிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பதினோரு மேசைகள். எட்டில் கண்ணாடி மூடி. ஜன்னலோரத்து மூடிக்குள் ஒரு பறக்கும் நாகம் வாயைத் திறந்தபடி நின்றது, நாக்கின்மேல் தூசி. அது நாலு வருஷமாக நெருப்பு கக்கப் போகிறது என்று மகள் காதோடு சொன்னாள். பேசாமல் இருந்திருக்கலாம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று நொந்துகொண்டார்.

முறைவரிசை விளக்கக் குழு அடுத்த சனிக்கிழமை கூடியது. குழுவில் நாலு பேர். தலைவர் ஓய்வுபெற்ற நில அளவை அதிகாரி. ஒரு சங்கதியை அளந்து முடிப்பதற்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும் என்று அவருடைய பழைய ஆபீசில் பேசிக்கொள்வார்களாம். உபதலைவருக்கு ஒரே வேலை, தலைவர் சொன்னதை வழிமொழிவது. மூன்றாமவர் ஒரு பல் டாக்டர், விதி நிபுணர். நாலாவது செயலாளர்.

தலைவர் எழுந்தார். நாற்பது நிமிஷம் பேசினார். அதில் மெக்கானிக்குக்கு விளங்கிய பகுதி இது:

"சண்டைன்னா என்னங்க? ரெண்டு பேர் அடிச்சுக்கிறதா? அடிக்கிறத யார் வேணா அடிச்சிடலாம். யார் முதல்ல அடிக்கிறதுங்கிறதுதான் சண்டை. இந்தச் சங்கம் ஆரம்பிச்சுப் பதினோரு வருஷம் ஆகுது. பெருமையா சொல்லிக்கிறேன், இன்னைக்கு வரைக்கும் இங்க ஒரு சண்டைகூட முடிஞ்சதில்ல."

கைதட்டல். உபதலைவர் வழிமொழிந்தார்.

அப்படியென்றால் இதுவரை ஜெயித்தது யார் என்று மெக்கானிக் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தலைவர் அவரை அன்போடு பார்த்து, ஜெயிப்பது அடுத்த கட்டம், அதற்கு இன்னும் விதி எழுதவில்லை என்றார்.

பிறகு செயலாளர் படிவம் கொடுத்தார். மூன்று பிரதி நிரப்ப வேண்டும். ஒன்று குழுவுக்கு, ஒன்று பதிவுக்கு, ஒன்று எதிர்த்தரப்புக்கு. எதிர்த்தரப்பு யார் என்று கேட்டார் மெக்கானிக். பூதம் என்றார் செயலாளர். அதன் பக்கத்து நியாயத்தையும் கேட்காமல் ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்ல இது என்ன சந்தைக்கடையா என்று வேறு கேட்டார். பூதத்தை நடத்துவது டீச்சர்தான். ஆனால் டீச்சர் கதை முழுவதையும் நடத்துகிறவர், நடுநிலை ஆள், பூதத்துக்காகப் பேசினால் பாரபட்சமாகிவிடும். ஆகவே பூதத்தின் சார்பில் பேச உபதலைவர் நியமிக்கப்பட்டார். டீச்சர் இந்த விஷயமாக வாயே திறக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு நோட்டீஸும் கையோடு கொடுத்தார்கள்.

உபதலைவர் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசினார். தம் கட்சிக்காரரிடம் கலந்து பேச ஒரு வாரம் அவகாசம் வேண்டும் என்றார். கிடைத்தது. அந்த வாரம் முழுவதும் அவர் சாயங்காலங்களில் வந்து கண்ணாடி மூடிக்கு முன்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்ததாக வாட்ச்மேன் சொன்னார்.

மெக்கானிக் கிளம்பும்போது செயலாளரிடம் இன்னொரு விஷயமும் நினைவுபடுத்தினார். இந்தக் கட்டடத்து லிஃப்டின் கதவுத் தொடர்புமுனை தேய்ந்து கிடக்கிறது, எந்த நேரமும் பெட்டி நடுவழியில் நின்றுவிடலாம், கதவின் உருளையும் தடத்தில் சரியாக உட்காரவில்லை. வந்த முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தார். பத்து நிமிஷ வேலை, காசுகூட வேண்டாம், நானே செய்துவிடுகிறேன் என்றும் சொன்னார். செயலாளர் நோட்டைப் புரட்டினார். "உங்க மனு முப்பத்தொண்ணாவது. இப்ப ஏழாவது போயிட்டிருக்கு. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார்.

வீட்டில் மனைவி, பூதம் என்ன சொல்கிறது என்று கேட்டார். அவர் பிரசவ வார்டில் நர்ஸ். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லவேளை, இவங்க யாரும் எங்க வார்டுக்கு வரல. இரட்டைப் பிள்ளைகள்ல எது முதல்லன்னு முடிவாகிற வரைக்கும் ரெண்டையும் உள்ளயே இருக்கச் சொல்லியிருப்பாங்க" என்றார். மகள் சிரித்தாள். மெக்கானிக்கால் சிரிக்க முடியவில்லை. பொம்மைதானே என்று நமக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனாலும் இன்னும் இரண்டு வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறவள், போகும்போது உயிரோடு போகட்டும் என்று இருந்தது. அவருடைய வாய்த்தவறால் அவள் அங்கே கண்ணாடிக்குள் குப்புறக் கிடக்க, இவர் ஸ்டாண்டில் நின்று பஸ்ஸுக்குக் கையாட்டுவது எப்படி?

இரண்டாவது விசாரணையைப் பல் டாக்டர் நடத்தினார். குற்றத்துக்குரிய வார்த்தையை அன்று சொன்ன மாதிரியே திரும்பச் சொல்லச் சொன்னார். மெக்கானிக் சொன்னார். இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்து சொல்லுங்கள் என்றார். சொன்னார். வலது பக்கம் திரும்பிச் சொல்லுங்கள் என்றார். சொன்னார். வலிக்கிறதா என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு அதைக் குறிப்பிலிருந்து அடித்தார்.

"இத நீங்க பூதத்துகிட்ட சொன்னீங்களா, டீச்சர்கிட்ட சொன்னீங்களா?"

"டீச்சர்கிட்டதாங்க. பூதத்தோட எனக்குப் பழக்கமில்ல."

கூட்டத்தில் பரபரப்பு. டீச்சரிடம் சொன்னது என்றால் அது கதைக்கு வெளியே சொன்ன வார்த்தை, கதைக்குள் செல்லாது. ஆனால் சொன்னவர் போர்வீரனாக இருக்கையில் சொன்னார் என்றால் அது கதைக்குள் சொன்னது, பூதத்தைக் கட்டுப்படுத்தும். உபதலைவர் எழுந்து, தம் கட்சிக்காரர் அந்த வார்த்தையை நம்பித்தான் தூக்கிய காலை இறக்கவில்லை, இரண்டு வாரமாக ஒற்றைக்காலில் நிற்கிறார், அவருடைய மன உளைச்சலையும் குழு பார்க்க வேண்டும் என்று தழுதழுத்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இறுதித் தீர்ப்பு அடுத்த வாரம் என்று தள்ளினார்கள். அதுவரை இப்படிப்பட்ட விபரீதம் மறுபடி நடக்காமலிருக்க ஓர் இடைக்கால உத்தரவு போட்டார்கள். அதைச் செயலாளர் நிறுத்தி நிதானமாகப் படித்தார். இன்று முதல், மனிதராயினும் பிற பிறவியாயினும், "நீங்க முதல்ல போங்க" என்றோ அந்தப் பொருள்படவோ எவர் சொன்னாலும், அவர் அந்தச் சுற்றில் தம் முறையை இழந்தவராவார். வெளியே போய்ச் சொல்லிவிட்டு உள்ளே வந்து தப்பித்துக்கொள்ள யாரும் பார்க்கக்கூடும் என்பதால் உத்தரவு கட்டடம் முழுமைக்கும் பொருந்தும்.

அந்த வாரம் கட்டடத்துக்குள் ஒரு புது வாழ்க்கை ஆரம்பமாயிற்று. டீ மெஷின் முன்னால் இரண்டு உறுப்பினர்கள் எதிரெதிரே வந்து நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, டீ ஆறி அடங்கும்வரை நின்றார்கள். கழிவறை வாசலில் நடந்ததைப் பற்றி வாட்ச்மேன் விவரம் சொல்ல மறுத்துவிட்டார். குடையோடு வந்த ஒரு வயதான அம்மாவுக்கு வழிவிட்டு, "போங்கம்மா" என்று சொன்ன ஆளின் பேரைச் செயலாளர் எழுதிக்கொண்டார். பாவம், அந்த மனுஷன் அன்று முழுக்க எந்த வாசலிலும் நுழைய முடியாமல் வெளி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது சனிக்கிழமை வந்தது. மகளுக்கு அன்று மாலை ஏழு மணிக்கு பஸ். பெட்டி, பை, தலையணை எல்லாவற்றோடும் நேராகச் சங்கத்துக்கே வந்துவிட்டாள். நாலு மணிக்குத் தீர்ப்பு. அவள், அப்பா, டீச்சர் மூவரும் நாலாவது மாடிப் படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மெக்கானிக் அந்த லிஃப்டில் ஏறுவதில்லை.

குழு ஏறியது. மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே பெட்டி ஒரு குலுக்கலோடு நின்றது. உள்ளிருந்து முதலில் உபதலைவரின் அலறலும், பிறகு தலைவரின் அலறலும் கேட்டன. முறை தவறியதற்காக உபதலைவர் உடனே மன்னிப்புக் கேட்டதும் கேட்டது.

மெக்கானிக் எழுந்தார். இது அவருடைய மேசை. மொட்டைமாடி மெஷின் அறைக்குப் போய் மெயினை அணைத்து, பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை நாலாவது மாடித் தரைக்குச் சமமாகக் கொண்டுவந்தார். கீழே வந்து சாவி போட்டுக் கதவைத் தள்ளினார். ஒரு அடி திறந்தது. அதற்குமேல் அசையவில்லை. முப்பத்தொன்றாவது மனுவில் எழுதியிருந்த அதே உருளை.

"ஒண்ணும் பயமில்ல. ஒருத்தர் ஒருத்தரா ஒருக்களிச்சு வெளிய வாங்க. பெட்டி காலியானாதான் கதவச் சரிபண்ண முடியும்" என்றார்.

உள்ளே நாலு பேர். வெளியே போக ஒரே ஒரு அடி இடைவெளி. வாசலுக்குப் பக்கத்தில் நின்றவர் உபதலைவர். அவர் வழக்கம்போலத் தலைவர் பக்கம் திரும்பி, கையை நீட்டி, "நீங்..." என்று ஆரம்பித்தார். செயலாளர் பேனாவை எடுத்தார். உபதலைவர் வாயை மூடிக்கொண்டார். தலைவரும் நகரவில்லை. குழுவின் தலைவர் எதற்கும் முதலாவதாகப் போகவேண்டுமா, எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாகப் போகவேண்டுமா என்பது சங்கத்தின் ஐந்தாவது ஆண்டிலிருந்து நிலுவையில் இருக்கும் கேள்வி. முடிவில் தலைவர் பையிலிருந்து சங்கத்தின் அங்கீகரிக்கப்பட்ட பகடையை எடுத்தார். உருட்டி முடிவு செய்வதென்று ஆயிற்று.

உருட்டினார். பகடை பெட்டியின் தரையில் ஓடி, பெட்டிக்கும் மாடித் தரைக்கும் நடுவே உள்ள இரண்டு விரல் இடுக்கில் விழுந்தது. டொக், டொக், டொக் என்று நாலு மாடிச் சத்தம் கேட்டது.

என்ன எண் விழுந்திருக்கிறதோ அது செல்லும் என்றார் பல் டாக்டர். மெக்கானிக் அடிக்குழிக்குள் இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் ஆள் இருக்கும்போது குழிக்குள் இறங்கக் கூடாது, அது எங்கள் விதி என்றார் மெக்கானிக். எண் தெரியாமல் பெட்டியை விட்டு இறங்கக் கூடாது, அது எங்கள் விதி என்றார்கள் அவர்கள். இறங்காமல் எண் தெரியாது, எண் தெரியாமல் இறங்க முடியாது. இப்படியொரு அருமையான சிக்கல் சங்கத்துக்கு இதுவரை அமைந்ததே இல்லை. நாலு முகங்களிலும் ஒரு தேஜஸ் வந்தது. குழு அங்கேயே கூடியது.

மணி ஐந்து பத்து. மெக்கானிக் இடுக்கு வழியாக முகத்தை நீட்டினார். தீர்ப்பு உங்கள் சட்டைப்பையில்தானே இருக்கிறது, அதை மட்டும் படித்துவிடுங்களேன் என்று கெஞ்சினார்.

"தீர்ப்ப நாலாவது மாடியிலதான் படிக்கணும். நான் இன்னும் நாலாவது மாடிக்கு வரலயே" என்றார் தலைவர். அவருடைய ஷூவின் முனை நாலாவது மாடியில்தான் இருந்தது. அதைப் பார்த்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பாப்பா இன்னைக்கு ஊருக்குப் போறா சார்."

"தாராளமா போகட்டும். பாத்திரம் இங்கதானே இருக்கும்? மூடி போட்டுப் பத்திரமா வெச்சிருக்கோம்."

மெக்கானிக்குக்குக் கோபம் அவ்வளவு சீக்கிரம் வராது. வேகம் ஆறுதான். ஆனால் அது வந்துசேர்ந்தது. திரும்பிப் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்தார். தன் கருவிப்பெட்டியைத் திறந்தார். ஒரு பெரிய நட்டை எடுத்து மேல்படியில் வைத்தார். ஒரு சின்ன வாஷரை அதன் முன்னால் படுக்க வைத்தார். மூன்று விரல் தள்ளித் தன் பத்தாம் நம்பர் ஸ்பேனரை வைத்தார். மகள் வாஷரைப் பார்த்தாள். தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்டு, பெட்டியைத் தள்ளிவிட்டுத் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டீச்சர் நோட்டீஸ் வாங்கிய இரண்டு வாரமாக வாயைத் திறக்காதவர். நட்டைப் பார்த்தார். லிஃப்டைப் பார்த்தார். உள்ளே பல் டாக்டர் ஏதோ உட்பிரிவைப் படித்துக்கொண்டிருந்தார். டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு படி கீழே உட்கார்ந்தார், நட்டின்மேல் விரலை வைத்தார், தொண்டையைக் கனைத்தார். பிறகு அந்தக் கட்டைக் குரலில் பூதம் பேசியது.

"நீங்க முதல்ல போங்க."

மெக்கானிக்குக்குச் சட்டென்று புரியவில்லை. மகளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அப்பா, பூதம் முறையை இழந்துடுச்சு. மனிதராயினும் பிற பிறவியாயினும். கட்டடம் முழுக்க."

"நானும் அதச் சொன்னேனேம்மா?"

"நீங்க சொன்னது உத்தரவுக்கு முந்தி. ஊத்துங்கப்பா, பஸ்ஸுக்கு நேரமாகுது."

அவர் ஸ்பேனரை மூன்று விரல் நகர்த்தினார். கருவிப்பெட்டியிலிருந்து எண்ணெய்க்குப்பியை எடுத்தார். மூடியைத் திருகினார். வாஷரின் நடுவில் ஒரே ஒரு சொட்டு விட்டார். அவசரத்தில் இரண்டு சொட்டாகிவிட்டது. ஆறு விநாடிகூட ஆகவில்லை.

மகள் வாஷரை எடுத்து நிமிர்த்தி நிற்கவைத்தாள். "எந்திரிச்சுட்டேன்" என்றாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எண்ணெய்க் கையால் துடைத்ததில் கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. டீச்சர் வேறு பக்கம் பார்த்தார்.

அதற்கப்புறம் பூதம் பிழைக்க வழியே இல்லை. மூன்றே நிமிஷத்தில் ஸ்பேனர் கொடுத்த அடியில் நட்டு ஒவ்வொரு படியாக உருண்டு இரண்டாவது மாடிக்குப் போய்விட்டது. பதினோரு வருஷத்தில் சங்கக் கட்டடத்தில் முடிந்த முதல் சண்டை அது. கைதட்ட ஆள் இல்லை.

லிஃப்டுக்குள்ளிருந்து செயலாளரின் குரல் வந்தது. வெளியே யாரோ அந்த வார்த்தையைச் சொன்ன மாதிரி காதில் விழுந்ததே, யார் அது என்று கேட்டார்.

"பூதம்ங்க" என்றார் மெக்கானிக்.

உள்ளே பேனா ஓடும் சத்தம் கேட்டது. உபதலைவர் தம் கட்சிக்காரர் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார் என்று விம்மினார்.

அவர்களை அப்படியே விட்டுப் போக மெக்கானிக்குக்கு மனம் வரவில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. பெட்டிக்குள் விளக்கும் விசிறியும் தனி ஸ்விட்சில் ஓடிக்கொண்டிருந்தன. பழுது பார்க்க அதையும் நிறுத்தப் போகிறேன் என்று முறைப்படி அறிவித்துவிட்டு நிறுத்தினார். இருட்டு. விசிறி ஓய்ந்தது. இரண்டு விநாடி ஆயிற்று. அந்த ஒரு அடி இடுக்கு வழியாக நாலு பேரும் வெளியே இருந்தார்கள். தலைவரின் ஒரு ஷூவும் பல் டாக்டரின் இரண்டு பொத்தான்களும் உள்ளே தங்கிவிட்டன. யார் முதலில் வந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு துணைக்குழு இருக்கிறது. இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது.

பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். வாஷரை மகள் எண்ணெயோடு கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். கதவை மெக்கானிக் திங்கட்கிழமை போய்ச் சரிசெய்தார். அனுமதி கேட்கவில்லை. அப்போது குழிக்குள் அந்தப் பகடையைப் பார்த்தார். அது ஒரு சுவர் மூலையில் சாய்ந்து, இரண்டு எண்ணுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. தொட்டால் படிவம் கொடுப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்துச் சங்கத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மகளுக்குப் போன் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். படிக்கட்டில் நடந்ததாகக் கூறப்படும் நிகழ்வு, படிக்கட்டு ஒரு மாடியா அல்லது இரு மாடிகளுக்கு இடைப்பட்டதா என்பது தெளிவாகும்வரை ஏற்கப்படவோ மறுக்கப்படவோ மாட்டாது. நட்டு சங்கத்தால் கைப்பற்றப்பட்டு மூடியின்கீழ் வைக்கப்பட்டுள்ளது. அதுவரையில் வைத்தியச்சி உயிரோடிருப்பது தற்காலிகமானதாகவே கருதப்படும்.

கடைசி வரியைப் படிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

"எல்லாருமே அப்படித்தானேப்பா" என்றாள் மகள்.

அவரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும், புது ஆபீசில் எட்டாவது மாடிக்குப் போகும் லிஃப்ட் ஒரு மாதிரி முனகுகிறது என்று அவள் சொன்னாள். எந்த மாடியில் முனகுகிறது, ஏறும்போதா இறங்கும்போதா என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். அதிலிருந்து மேனேஜர், பக்கத்து நாற்காலிக்காரி, வாடகை அறையில் ஒழுகும் குழாய் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. மனைவி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போனை வைக்கும்போது ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. சாப்பிட்டியா என்று கேட்க அவர் மறந்தே போயிருந்தார்.